பின்கதவின் கைப்பிடியை எடுப்பதற்கு முன்

பழைய பிக்கப்போடு வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பலகைபோலக் கீழே மடிந்து திறக்கும் பின்கதவில் கைப்பிடி இல்லை, சங்கிலி இல்லை, கீல்கூடக் கண்ணில் படாது; வழவழவென்று ஒரே தகடு. "இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். சரி, செய்யலாம். ஓட்டையை அடைத்துத் தேய்ப்பது பெரிய விஷயமில்லை. கழற்றிய சாமான் இத்தனை நாள் பார்த்த வேலையை இனி எது பார்க்கும் என்பதுதான் கேள்வி.

ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) புடைத்து நிற்கும் பழைய மாடல்களில் பக்கத்துச் சங்கிலிகளுக்கு இரண்டு வேலை. மூடினால் கொக்கியில் மாட்டிக் கதவைப் பிடிக்கும்; திறந்தால் பாரம் தாங்கும். ஃபோர்டு 1957-லும் செவ்ரோலே 1958-லும் தட்டைப் பக்கப் பெட்டியைக் கொண்டுவந்த பிறகும், சங்கிலி வைத்த மாடல்கள் கூடவே ஓடின.

சில மாதங்களுக்கு முன் ஒரு வண்டி வந்தது. வேறெங்கோ செய்த வேலை. சங்கிலியை எடுத்துவிட்டு, வெளியே தெரியாமல் கீலுக்குப் பக்கத்திலேயே மெல்லிய கேபிளை போல்ட் போட்டிருந்தார்கள். உரிமையாளர் திறந்த கதவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. துளை கண் மாதிரி நீண்டு, விளிம்பு வெளியே உரிந்து நின்றது. ஒரு மில்லிமீட்டர் தகடு, உள்ளே தாங்குபட்டை எதுவும் இல்லை. நல்லவேளை, காலை ஊன்றிக்கொண்டார்.

கணக்கு இதுதான். கதவு கீலிலிருந்து நுனி வரை 50 செ.மீ., நுனியில் 80 கிலோ ஆள். சங்கிலி நுனியிலேயே மாட்டி 45 டிகிரி சாய்வில் போனால், இரண்டு சங்கிலியும் சேர்ந்து சுமார் 113 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். அதே சாய்வில் கேபிளைக் கீலிலிருந்து 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் சுமார் 280 கிலோ. இது ஆடாமல் உட்கார்ந்தால். ஏறிக் குதித்தாலோ ஒரே ஓரத்தில் நின்றாலோ இன்னும் மோசம்.

கைப்பிடிக்குப் பதில் பலரும் கேட்பது பட்டனை அழுத்தினால் திறக்கும் மின் லாட்ச், அதாவது கதவை மூடிப் பிடிக்கும் பூட்டு. நகம் மாதிரி சுழன்று கம்பியைக் கவ்வும் வகையை, அதுவும் இரண்டு கட்டமாகப் பூட்டுவதை வாங்குங்கள். முதல் கட்டம் நழுவினாலும் கதவு சட்டென்று விழாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். பேட்டரி இறங்கினால் திறக்க, கையால் இழுக்கும் கேபிள் ஒன்று கட்டாயம். கீலைத் தாண்டிப் போகும் வயருக்கு உறை போடுங்கள். உரசித் தோல் போன வயர் ஓடும் வண்டியில் லாட்ச்சைத் திறந்துவிடலாம்.

வீட்டிலேயே வெல்டிங் போடுகிறவர்களுக்கு: பழைய பெயின்டிலும், பட்டிக்குப் பதில் பூசிய ஈயத்திலும் கிரைண்டர் வைத்தால் பறப்பது ஈயத் தூசி. துணி கட்டினால் போதாது. சரியான வடிகட்டி மாஸ்க் வேண்டும். துத்தநாகம் பூசிய சாமானைச் சுரண்டாமல் பற்றவைத்தால், சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். இதைவிட ஆபத்து, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் பற்றவைப்பது. பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

தகடு நெளியாமலிருக்கப் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்க வேண்டும். அப்புறம், கதவின் அடி விளிம்பிலுள்ள தண்ணீர் வடியும் துளைகளை அழகுக்காக அடைக்காதீர்கள். உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

அந்த வண்டிக்கு உள்ளே 3 மி.மீ. பட்டை வைத்து, சங்கிலியைப் பழையபடி நுனிக்குக் கொண்டுபோனேன். "வெளியே தெரியுதே" என்று முகம் சுளித்தார். கறுப்பு ரப்பர் குழாயை உறையாக மாட்டிக் கொடுத்தேன். மறுபடி கதவைத் திறந்து, முதலில் கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.