வயித்தைச் சின்னதாக்கினா பசி ஏன் அடங்குது?

தென்னாப்பிரிக்காவுல இந்த டர்பன்ல நம்ம ஆளுங்க வீட்ல யாராவது வெயிட் குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்கன்னா உடனே ஒரு பேச்சு வந்துடும், "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டிக்கிட்டா". நம்மவங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த்தோ ஃபீனிக்ஸோ டொங்காட்டோ, கல்யாண வீட்லயோ கோயில்லயோ ஏதாவது ஒரு பெரியம்மா இதைச் சொல்லாம இருக்க மாட்டாங்க. கேக்குறவங்க மனசு எவ்வளவு நோகும்னு சொல்லவே வேணாம், ஆனா அதைவிட முக்கியம், உடம்பு வேலை செய்ற விதத்துக்கே இந்தப் பேச்சு நேர்மாறானது.

நம்ம எடையை மூளை எந்நேரமும் கவனிச்சுக்கிட்டே இருக்கு. கொழுப்பு செல்லுங்க லெப்டின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும், "இவ்வளவு சேமிப்பு இருக்கு"ன்னு மூளையில பசியைக் கட்டுப்படுத்துற ஹைப்போதலாமஸுக்குப் போற தகவல் அது. இந்த லெப்டினைக் கண்டுபிடிச்சதே 1994லதான். டயட் இருந்து பத்து இருபது கிலோ குறைஞ்சா லெப்டின் சட்டுனு விழுந்துடும், வயித்துல இருந்து வர்ற கிரெலின்ங்கிற பசி ஹார்மோன் ஏறும், சும்மா உக்காந்திருக்கும்போது உடம்பு செலவு பண்ற கலோரியும் குறையும். மூளைக்கு இது பஞ்சம் வந்த மாதிரிதான் தெரியுது. நம்ம வீட்டு கீசரை நினைச்சுக்கோங்க, சுடுதண்ணி எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டாலும் உள்ள இருக்கிற தெர்மோஸ்டாட் அதே சூட்டுக்குத் திரும்பக் கொண்டு வந்துடும். டயட்ங்கிறது தண்ணியைத் தொறந்து விடுறது, தெர்மோஸ்டாட்டை அது தொடுறதே இல்ல.

ஆஸ்திரேலியாவுல 50 பேரை வச்சுப் பண்ணின ஒரு ஆய்வு 2011ல வந்துச்சு. பத்து வாரம் ரொம்பக் குறைஞ்ச கலோரில எடையைக் குறைக்க வச்சாங்க, ஒரு வருஷம் கழிச்சு ரத்தத்தைப் பாத்தா பசி ஹார்மோனுங்க இன்னும் பழைய நிலைக்குத் திரும்பல, பசியும் கூடத்தான் இருந்துச்சு. அமெரிக்காவுல டிவி போட்டிக்காக எடை குறைச்ச 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு அளந்து பாத்தாங்க, அவங்க உடம்பு எதிர்பார்த்ததை விட தினம் கிட்டத்தட்ட 500 கலோரி கம்மியா எரிச்சுக்கிட்டு இருந்துச்சு, பெரும்பாலானவங்களுக்குப் போன எடையில நிறைய திரும்ப ஏறியும் போச்சு. அவங்க யாரும் சோம்பேறி இல்ல, டிவி முன்னாடி அழுது அழுது ஓடினவங்க.

இப்ப ஆபரேஷனுக்கு வருவோம். ரெண்டு வகைதான் அதிகம் நடக்குது. ஸ்லீவ்ங்கிறதுல இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு நீளமான ஒரு குழாய் மட்டும் விடுவாங்க. பைபாஸ்ல இரைப்பையோட மேல் பக்கம் சுமார் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பையைப் பிரிச்சு, அதைச் சிறுகுடல்ல கொஞ்சம் கீழ கொண்டு போய் இணைப்பாங்க, சாப்பாடு மிச்ச வயித்தையும் குடலோட முதல் பகுதியையும் தாண்டிப் போயிடும். அமெரிக்காவுல அயோவாவுல எட்வர்ட் மேசனும் சிக்காஷி இட்டோவும் 1966ல இதை ஆரம்பிச்சப்போ கணக்கு சிம்பிளா இருந்துச்சு, இடம் கம்மி, அதனால சாப்பாடு கம்மி.

ஆனா அந்தக் கணக்கு இடிச்சுது. இடம் மட்டும்தான் காரணம்னா ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கும் டயட் இருக்கிறவங்க மாதிரி கோரப்பசி எடுக்கணும், எடுக்கல. அதோட இன்சுலின் போட்டுக்கிட்டு இருந்த சர்க்கரை நோயாளிங்களுக்கு ஆபரேஷன் ஆன சில நாள்லயே, எடை பெருசா குறையறதுக்கு முன்னாடியே, சர்க்கரை இறங்கிப் போச்சு. வால்ட்டர் போரீஸ்ங்கிற சர்ஜன் 1995ல இதை விரிவா எழுதினதுக்கப்புறம்தான் எல்லாரும் குடலை ஒரு ஹார்மோன் உறுப்பா உத்துப் பாக்க ஆரம்பிச்சாங்க.

கிரெலின் அதிகமா சுரக்கிறது இரைப்பையோட மேல் வளைவுல, ஸ்லீவ்ல வெட்டி எடுக்கிறதே அந்த இடம்தான், அதனால அந்தப் பசிக்குரலே தாழ்ந்துடும். கிரெலினைக் கண்டுபிடிச்சதும் ரொம்பப் பழைய கதை இல்ல, ஜப்பான்ல 1999ல. இன்னொரு பக்கம் சாப்பாடு சிறுகுடலோட கீழ்ப்பகுதிக்கு சீக்கிரமா போய்ச் சேருது, அங்க இருக்கிற செல்லுங்க ஜிஎல்பி-1, பிஒய்ஒய்னு ரெண்டு ஹார்மோனை முன்னைவிடப் பல மடங்கு விடுது. ஒண்ணு இன்சுலினைத் தூண்டும், ரெண்டுமே "போதும்"னு மூளைக்குச் சொல்லும். எடை குறைக்க வாரா வாரம் போடுறதா இப்ப எல்லாரும் பேசுற ஊசி மருந்தும் இந்த ஜிஎல்பி-1 போலச் செஞ்சதுதான். ஆக ஆபரேஷன் கை வைக்கிறது தெர்மோஸ்டாட்லயே. கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுக்கிற லைபோசக்ஷன் பண்ணி 2004ல பாத்தாங்க, கிலோ கணக்குல கொழுப்பு போயும் சர்க்கரை விஷயத்துல ஒரு முன்னேற்றமும் இல்ல.

நம்மளை மாதிரி தெற்காசிய உடம்புக்கு இன்னொரு சிக்கல், பாக்க ரொம்ப குண்டாத் தெரியாமலே வயித்துக்குள்ள கல்லீரல் சுத்தி கொழுப்பு சேந்துடும், சர்க்கரை நோய் சீக்கிரம் வரும். இங்க இந்தியர் குடும்பங்கள்ல சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடணும். அதனாலதான் 2022ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்ல பொதுவா பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு) 35னா ஆபரேஷன் பத்திப் பேசலாம்னும், ஆசிய வம்சத்துக்காரங்களுக்கு 27.5லயே பேசலாம்னும் சொல்லியிருக்காங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் தேறி வர்றதுதான் உண்மையான வேலை, அதைப் பத்தி நம்ம வீடுகள்ல யாரும் பேசுறதில்ல. முதல் வாரங்கள்ல தண்ணியே மடக் மடக்னு குடிக்க முடியாது, சிப் சிப்பா நாள் முழுக்கக் குடிச்சுக்கிட்டே இருக்கணும், அப்புறம் கெட்டியான திரவம், அரைச்சது, குழைச்சதுன்னு போய் ஒண்ணரை ரெண்டு மாசத்துல சாதாரண சாப்பாடு. அந்த ஆரம்ப நாள்கள்ல காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, வயித்துலயோ தோள்பட்டையிலயோ விடாத வலி இருந்தா தையல் போட்ட இடத்துல கசிவா இருக்கலாம், கால் ஒண்ணு மட்டும் வீங்கி வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம், விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். வாந்தி நிக்காம எடுத்தாலும் அப்படியே. உடம்புல தயமின்ங்கிற பி1 வைட்டமின் சேமிப்பு ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் இருக்கும், அது தீந்துட்டா பார்வை ரெண்டாத் தெரியும், நடை தள்ளாடும், மூளைக்கு நிரந்தரப் பாதிப்பே வரலாம்.

புரதம் தினம் 60ல இருந்து 80 கிராம் வேணும், இல்லன்னா கொழுப்போட சேந்து தசையும் கரையும். கைப்பிடி அளவு சாப்பாட்டுல இதை அடைக்கணும்னா தட்டுல முதல்ல புரதம், அப்புறம்தான் சோறும் ரொட்டியும். புரட்டாசி மாசம் கறியும் முட்டையும் இல்லாதப்போ சுகர் பீன்ஸ், டால், சோயா, தயிர், மாஸ்ங்கிற புளிச்ச பால்னு பாத்துப் பாத்துச் சேக்கணும். காவடிக்கு விரதம் இருக்கணும்னு ஆசை இருக்கும், ஆனா அது வர்றது டர்பன்ல வெயில் கொளுத்துற காலம், ஆபரேஷன் ஆன புதுசுல தண்ணி இல்லாம இருந்தா கிட்னி வரைக்கும் போகும், டாக்டர்கிட்ட கேக்காம இறங்காதீங்க.

மூணு நாலு மாசத்துல முடி கொத்துக் கொத்தா கொட்டும், பயந்து போறாங்க பாவம். எடை வேகமா இறங்கும்போது முடி வேர்ங்க நிறைய ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடுது, அவ்வளவுதான், பெரும்பாலும் திரும்ப வளரும். பி12 வைட்டமின் கதை வேற. அதை உடம்பு எடுத்துக்க இரைப்பையில சுரக்கிற ஒரு புரதம் வேணும், அது குறைஞ்சு போச்சு, ஆனா கல்லீரல்ல பழைய சேமிப்பு வருஷக்கணக்குல இருக்கிறதால ரொம்ப நாளைக்கு ஒண்ணும் தெரியாது, அப்புறம் திடீர்னு கால் மரத்துப் போகும், மறதி வரும். நல்லாத்தானே இருக்கேன்னு மாத்திரையை நிறுத்துறவங்க மாட்டிக்கிறது இங்கதான். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேத்துப் போடக் கூடாது, ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும், இரும்பு மாத்திரையை டீயோட முழுங்கவே கூடாது.

சோஜி, பர்ஃபி மாதிரி இனிப்பு குடலுக்குள்ள மொத்தமா இறங்கினா அரை மணி நேரத்துல வேர்த்து, நெஞ்சு அடிச்சு, வயித்தைக் கலக்கும். ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு சர்க்கரை இறங்கி மயக்கமும் வரலாம். "ஒரு வாய் சாப்பிடு கண்ணு"ன்னு ஊட்டுற மாமிங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டா நல்லது, வேணாம்னு சொல்றவ உங்களை அவமானப்படுத்தல. சாராயமும் வேகமா ஏறும், ரெண்டாவது வருஷத்துல இருந்து குடிப்பழக்கத்துல விழற ஆபத்து கூடுதுன்னும் தெரிஞ்சிருக்கு.

எடை கொஞ்சம் திரும்ப வரும், அது தோல்வி இல்ல. சுவீடன்ல 1987ல ஆரம்பிச்சு 4,000க்கு மேல ஆளுங்களைத் தொடர்ந்து பாத்தாங்க, ஒரு வருஷம் வாக்குல அடிமட்டத்துக்குப் போய், அப்புறம் கொஞ்சம் ஏறி நின்னுச்சு, பைபாஸ் பண்ணினவங்க பத்து வருஷம் கழிச்சும் கால்வாசி எடை குறைஞ்சேதான் இருந்தாங்க, பொதுவா ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல சாவும் கம்மி.

இன்னொண்ணு, கடையில சில்லறைக்கு விக்கிற தலைவலி பவுடரை நம்ம ஆளுங்க டீல கலக்கிக் குடிப்பாங்க, அதுல ஆஸ்பிரின் இருக்கும். பைபாஸ் பண்ணினவங்களுக்கு அதுவும் ஐபுப்ரோஃபனும் இணைப்பு போட்ட இடத்துல புண்ணை உண்டாக்கும், சிகரெட்டும் அதையேதான் செய்யும். தலைவலிச்சா பாரசிட்டமால் போடுங்க, ஃபார்மசில எது வாங்கினாலும் வயித்து பைபாஸ் ஆனதை முதல்லயே சொல்லிடுங்க.