‘ட்ராமா’ என்பதற்குத் தமிழில் என்ன?

மருத்துவமனையில் ‘ட்ராமா வார்டு’ என்ற பலகையைக் கண்டால், விபத்தில் அடிபட்டு வருவோருக்கான பிரிவு என்று எவருக்கும் விளங்கும். அதே சொல் நாவல் விமரிசனத்திலோ உளவியல் கட்டுரையிலோ வரும்போது ஆளுக்கொரு பொருள் கொள்கிறோம். ஒருவர் ‘அதிர்ச்சி’ என்கிறார், இன்னொருவர் ‘மன உளைச்சல்’ என்கிறார், வேறொருவர் ‘மனவடு’ என்கிறார். மூன்றும் ஒன்றல்ல.

கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குப் புண், காயம் என்பதே பொருள். ஐரோப்பிய மருத்துவ நூல்கள் உடலில் பட்ட காயத்தைக் குறிக்கவே இதை எடுத்துக்கொண்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ரயில் விபத்துகளிலிருந்து வெளிக்காயம் ஏதுமின்றித் தப்பியவர்கள் பின்னர் நெடுநாள் துன்புற்றதைக் கண்ட மருத்துவர்கள், அத்துன்பம் நரம்பிலா மனத்திலா என்று விவாதிக்கத் தொடங்கிய காலத்தில்தான் சொல்லின் பொருள் உடலைத் தாண்டியது. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1889-இல் இதுபற்றித் தனி நூலே எழுதினார். 1895-இல் வியன்னா மருத்துவர்களான ப்ராயரும் ஃப்ராய்டும் ஹிஸ்டீரியா (உடற்கோளாறு ஏதும் தென்படாமலே உடலில் நோய்க்குறி தோன்றும் நிலை) பற்றி வெளியிட்ட ஆய்வுகள் இன்னொரு படி மேலே சென்றன. நடந்து முடிந்த நிகழ்ச்சியைவிட அதன் நினைவே உடலுக்குள் புகுந்த அந்நியப் பொருளைப்போல உள்ளிருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதும், அதை உணர்ச்சியோடு சொற்களில் கொண்டுவரும்போது நோய்க்குறி தணிகிறது என்பதும் அவர்கள் கொள்கை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு இத்தகைய பாதிப்பைத் தனி நோய்நிலையாகப் பட்டியலில் சேர்த்தது 1980-இல்தான்.

சொல்லாமல் வைத்திருப்பது என்ன செய்யும் என்பதற்கு, லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999-இல் பதின்வயதினருக்காக எழுதிய ‘ஸ்பீக்’ என்ற அமெரிக்க நாவல் நல்ல சான்று. ஒன்பதாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையில், ஒரு விருந்தில், மூத்த மாணவன் ஒருவனால் மெலிண்டா வல்லுறவுக்கு ஆளாகிறாள். காவல்துறையைத் தொலைபேசியில் அழைக்கிறாள், ஆனால் பேச்சு எழவில்லை. காவலர்கள் வந்ததும் விருந்து கலைகிறது. ‘போலீசைக் கூப்பிட்டவள்’ என்று பள்ளி முழுவதும் அவளை ஒதுக்குகிறதே தவிர, ஏன் கூப்பிட்டாள் என்று கேட்பார் இல்லை.

அதன் பிறகு நாவல் காட்டுவது பெரிய நிகழ்ச்சிகளை அல்ல. உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள். துப்புரவுப் பணியாளர் கைவிட்ட சிற்றறை ஒன்றில் ஒளிந்துகொண்டு, அங்கிருக்கும் கண்ணாடியை அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவின் படத்தால் மறைத்துவிடுகிறாள். ஒவ்வொரு பருவத்திலும் மதிப்பெண் சரிகிறது. செய்தவன் பெயரைக்கூடச் சொல்ல இயலாமல் வெகுநாள் ‘அது’ என்றே குறிப்பிடுகிறாள். கவனத்தை ஈர்க்க நாடகம் ஆடுகிறாள் என்று தாயே நினைக்கிறாள். (தமிழ் எழுத்தில் ‘ட்ராமா’வும் ‘டிராமா’வும் ஒரு புள்ளி அளவே வேறுபடுகின்றன. ‘சும்மா டிராமா போடாதே’ என்பது நம் வீடுகளில் அன்றாட வழக்கு என்பதால், இந்தக் கடன்சொல்லை அப்படியே எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.) இவை எல்லாவற்றிலும் கொடிய விளைவு, பழைய தோழி ரேச்சல் அதே இளைஞனோடு பழகத் தொடங்குவதுதான். அவளை எச்சரிக்க வேண்டிய ஒரே வாய் அடைபட்டுக் கிடக்கிறது. கடைசியில் நூலகத்தில் தாளில் எழுதித்தான் அவளிடம் சொல்கிறாள். ரேச்சல் முதலில் பொய் என்கிறாள்.

இந்த நிலையை ‘மௌனம்’ என்று எழுதுவது பொருந்தாது. மௌனம் முனிவரின் நோன்பு, விரும்பி மேற்கொள்வது; போதாக்குறைக்கு ‘மௌனம் சம்மதம்’ என்ற வழக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பாலியல் வன்முறை பற்றிய எழுத்தில் அந்த ஒட்டு ஆபத்தானது. ‘வாயடைத்துப்போதல்’ என்பதே சரி; அதில் விருப்பத்துக்கு இடமில்லை. மெலிண்டாவின் குடும்பப்பெயர் சோர்டினோ. இத்தாலிய இசைமொழியில் அது வாத்தியத்தின் ஒலியை அடக்கப் பொருத்தும் கருவியின் பெயர்.

இனி ‘ட்ராமா’வுக்கான தமிழ்ச் சொற்கள். அதிர்ச்சி என்பது ஒரு கணத்தில் நிகழ்ந்து தணிவது. விருந்து நடந்த அந்த இரவுக்குப் பொருந்தலாம், அதைத் தொடர்ந்த ஓராண்டுக்குப் பொருந்தாது. மன உளைச்சல் தேர்வுக்கும் கடனுக்கும்கூட வருவது. இலங்கைத் தமிழ் உளமருத்துவ எழுத்தில் நன்கு வேரூன்றிய ‘மனவடு’ இவற்றினும் ஆழமானது. “தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு” என்ற குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், ஆறிப்போவதைப் புண் என்றும் ஆறாது கிடப்பதை வடு என்றும் வள்ளுவர் பிரித்துச் சொன்னதாக விளக்குவது இச்சொல்லுக்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும் இரண்டு இடையூறுகள் உள்ளன. இன்றைய பேச்சில் வடு என்பது காயம் ஆறியபின் நிற்கும் தழும்பு. பழந்தமிழிலோ அதற்குக் குற்றம், பழி என்ற பொருளும் உண்டு. குற்றத்தைத் தண்டிப்பது அரசனுக்குப் பழியன்று, கடமை என்ற பொருளில் “குற்றம் கடிதல் வடுவன்று வேந்தன் தொழில்” என்று வருவதும் குறளில்தான். பாதிக்கப்பட்ட பெண்மீதே பழி சுமத்தும் சமூகத்தில் அந்தப் பழைய நிழல் விழாமல் இருப்பது நல்லது.

எனவே பொது வழக்குக்கு ‘மனக்காயம்’ என்பதையே பரிந்துரைப்பேன். கிரேக்க மூலத்தோடு நேராகப் பொருந்துகிறது. காயம் என்றால் பிறர் படுத்தியது, மருந்திட வேண்டியது, இன்னும் வலிப்பது என்ற மூன்றும் சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன. நெடுங்காலத்துக்குப் பின் எஞ்சும் பாதிப்பைச் சுட்டும்போது மனவடு என்று எழுதலாம். மருத்துவமனைப் பிரிவுக்கு ‘விபத்துக் காயப் பிரிவு’ போதும்.

மெலிண்டாவின் நிலைக்கு மட்டும் இன்னும் நெருக்கமான சொல் நம் பேச்சுவழக்கிலேயே இருக்கிறது. தோல் கிழியாமல், இரத்தம் வராமல், உள்ளே கன்றிப்போகும் அடியை நாம் ‘ஊமைக்காயம்’ என்கிறோம். வெளியே ஒன்றும் தெரியாததால் பார்ப்பவர் நம்பமாட்டார், பட்டவரும் சொல்லமாட்டார். இந்நாவலைத் தமிழில் பெயர்க்க முன்வருபவர் தலைப்பைப் பற்றி யோசிக்கும்போது இச்சொல்லையும் எடுத்துப் பார்க்கலாம்.