ஒரு ஸ்பூனில் எத்தனை மில்லிகிராம்?

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டால், சென்னை மெடிக்கல் ஷாப்களில் பெரும்பாலும் வரும் கேள்வி "எத்தனை வயசு?" என்பது. கேட்க வேண்டியது எடையை. இரண்டு வயதில் 9 கிலோ குழந்தையும் உண்டு, 14 கிலோ குழந்தையும் உண்டு.

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 15 வீதம் போட்டால் 180 மில்லிகிராம். சரி, அது எத்தனை மில்லி, அதாவது மில்லிலிட்டர்? பாட்டிலைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படித்தால்தான் தெரியும். '5 மில்லியில் 120 மி.கி.' என்றிருந்தால் 7.5 மில்லி. '250' என்றிருந்தால் 3.6. கைக்குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும், அதில் 1.8 மில்லி போதும். பழக்கத்தில் அதையும் 7.5 மில்லி ஊற்றினால் 750 மி.கி. உள்ளே போய்விடும், நான்கு மடங்குக்கும் மேல்!

கூடினால் என்ன ஆகும்? பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடும். கொஞ்சம் மட்டும் நச்சுப்பொருளாக மாறும். அதை அடக்குவது கல்லீரலில் இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள். அளவு மீறி வேளைக்கு வேளை கொடுத்தால் குளூட்டாதயோன் கரைந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. கொடுமை என்னவென்றால், முதல் நாள் குழந்தை நன்றாகவே தெரியலாம். கூடுதலாகப் போய்விட்டது என்று தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வேளைக்கு வேளை குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், அதையும் பாருங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சு நல்லது. எடை தெரியாதா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்கே வேண்டாம், நேரே டாக்டர்தான்.

ஜன்னி வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் அளவைக் கூட்டுகிறார்கள். ஆனால் இந்த மருந்து காய்ச்சல் வலிப்பைத் தடுப்பதில்லை. 6 மாதம் முதல் 5 வயது வரை வரும் அந்த வலிப்பு, பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவி, வாயில் ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். முதல் முறை என்றால், நின்ற பிறகும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, மூச்சு திணறினாலோ உடனே 108. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கும்.