ரெலிரேடியோலஜி: தமிழில் தொலைக்கதிரியல்

திருகோணமலைக்காரருக்கு எக்ஸ்றே என்றதும் அந்தப் பெரிய மண்ணிற உறைதான் நினைவில் வரும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அக்கரையில் இருந்து 'பாதை' என்னும் மிதவைப் படகில்தான் வர வேண்டும். உறையில் தண்ணீர் படாமல் நெஞ்சோடு அணைத்தபடி நிற்பார்கள். நிபுணர் இருக்கும் ஊருக்குப் படமும் போக வேண்டும், நோயாளியும் போக வேண்டும். படத்தை மட்டும் மின்வழியே நிபுணருக்கு அனுப்பி அந்த அலைச்சலைக் குறைக்க வந்ததுதான் ரெலிரேடியோலஜி.

'ரெலி' கிரேக்கச் சொல், தொலைவு என்று பொருள். 'ரேடியஸ்' லத்தீன், முதலில் சக்கரத்தின் ஆரக்கால், அப்புறம் ஒளிக்கதிர். 'லோகியா' என்றால் துறை. எக்ஸ்றே படத்தைக் கம்பி வழியே அனுப்பிப் பார்த்த அமெரிக்கர்களான கெர்ஷன்-கோஹெனும் கூலியும் 1950இல் அதற்கு 'ரெலக்னோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

தமிழில் தொலைக்கதிரியல் என்பதே சரி. தொலைக்காட்சி போல ஒற்று மிகும். சிலர் 'தொலைக்கதிரியக்கவியல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கதிரியக்கம் என்பது யுரேனியம் போன்றவற்றின் அணுக்கரு தானாகச் சிதைந்து கதிர் விடுவது. எக்ஸ்றே இயந்திரம் சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் எக்ஸ்றேயே இல்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஸ்கான் அறை வாசலில் 'கதிரியக்கம்' என்று வாசித்தால் பயப்படமாட்டாளா?

படத்தை அனுப்பிவிட்டு அறிக்கைக்குக் காத்திருப்பது ஒரு வகை. இரண்டு வைத்தியர்களும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்துப் பேசுவது இன்னொரு வகை. இதற்கு 'ஊடாட்டத் தொலைக்கதிரியல்' என்பேன். ஊடாடுதல் என்றால் இடையே போய்வந்து பழகுதல். இங்கே நடப்பதும் அதுதான். தலையில் அடிபட்ட ஒருவரின் சி.ரி. ஸ்கான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இடது கை அசையவில்லை" என்று இங்குள்ள வைத்தியர் சொல்கிறார். உடனே கொழும்பில் இருக்கும் நிபுணரின் அம்புக்குறி மூளையின் வலப்பக்கம் போகிறது. அவர் எலும்பு தெளிவாகத் தெரியும் ஒளியமைப்புக்குப் படத்தை மாற்றுகிறார். இதுவரை தெரியாத மயிரிழை வெடிப்பு இரண்டு திரையிலும் தெரிகிறது.

படத்தை ஃபோனில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதையும் தொலைக்கதிரியல் என்று சொல்கிறார்கள். சி.ரி. படத்தில் பொதுவாக 4096 சாம்பல் நிறப்படிகள் இருக்கும், ஃபோன் படத்தில் 256தான். அந்த மயிரிழை அதில் அகப்படாமல் போகலாம்.