இடைவெளி விட்டால் சொல் ஆகிவிடுமா?

வரவேண்டிய நண்பரைக் காணோம். எங்கே என்று கேட்டால் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று பதில் அனுப்புகிறார். இதில் எத்தனை சொல்? கணினியில் எண்ணச் சொன்னால் ஒன்று. "வந்து கொண்டு இருக்கிறேன்" என்று அவர் தட்டியிருந்தால் மூன்று. பொருளில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. கணினிக்குச் சொல் என்றால் இரண்டு இடைவெளிக்கு நடுவில் இருப்பது, அவ்வளவுதான்.

அந்த இடைவெளியோ பிற்பாடு வந்தது. நம் ஓலைச்சுவடிகளில் சொற்களைப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூட இருக்காது. படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு விதமாகவும் பிரிய இடம்கொடுக்கும் சொற்களுக்கு நன்னூல் 'பொதுமொழி' என்று பெயரே வைத்திருக்கிறது. 'தாமரை' பூ, 'தா மரை' என்றால் தாவும் மான். 'வேங்கை' புலி; 'வேம் கை' என்றால் வேகின்ற கை. 'எட்டு' எல்லோருக்கும் தெரிந்த எண். 'எள் து' என்று பிரித்தால் 'எள்ளைத் தின்'!

சரி, எழுத்தை விடுவோம், பேச்சில் இடைவெளி இருக்குமே? அதுவும் இல்லை. பேச்சைப் பதிவுசெய்து அலையாகத் திரையில் பார்த்தால் சொல்லுக்குச் சொல் நிற்காமல் ஓடுகிறது. மௌனம் தெரிகிற இடம் பல நேரம் சொல்லுக்கு உள்ளேயே இருக்கிறது: 'பட்டம்' என்னும்போது 'ட்'டில் நாக்கு காற்றை அடைக்கும் அந்தக் கணம்.

அப்படியானால் கைக்குழந்தை எப்படிப் பிரிக்கிறது? 1996இல் ஜென்னி சாஃப்ரனும் இரண்டு சக ஆய்வாளர்களும் 8 மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற மூன்றசைச் 'சொற்களை' நிறுத்தமே இல்லாமல் 2 நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எது வழக்கமாக வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் சொல்லின் எல்லையைப் பிடித்துவிட்டன. "பாப்பா வா, பாப்பா சாப்பிடு, பாப்பா தூங்கு" என்று கொஞ்சுகிறோம். 'பாப்' வந்தால் அடுத்து 'பா' வந்தே தீரும். அதற்குப் பின் எதுவும் வரலாம். எது வருமென்று கணிக்க முடியாமல் போகிற இடத்தில் சொல் முடிகிறது.

தமிழ்க் காதுக்கு இன்னொரு துப்பும் உண்டு. 'பலகை' என்று சொல்லிப் பாருங்கள், 'க' மெலிந்து ஒலிக்கும். 'பல கை' என்னும்போது அதே 'க' வல்லெழுத்தாகவே நிற்கும். இந்தச் சோதனையை 'தான்' மேல் வைத்தால் வேடிக்கை. "அவன் தான்" என்று பலரும் பிரித்து எழுதுகிறோம். வாயோ 'த'வை மெலித்து, 'வந்தான்' என்பதில் வரும் 'த' போலவே, முன்சொல்லோடு ஒட்டிவிடுகிறது. இங்கே நான் வாயைத்தான் நம்புவேன்.

தனியே நின்று ஒரு கூற்றாகக்கூடிய மிகச் சிறிய வடிவமே சொல் என்றார் அமெரிக்க மொழியியலாளர் லெனார்டு புளூம்ஃபீல்டு. "யார் வந்தது?" என்றால் "அவன்" என்று பதில் சொல்லலாம், "உம்" என்று சொல்ல முடியாது. ஆனால் தொல்காப்பியர் 'உம்', 'ஏ' போன்றவற்றையும் சொல் என்றே கொண்டு 'இடைச்சொல்' எனப் பெயரிட்டார். பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும், தமக்கெனத் தனித்து இயங்கும் இயல்பு இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். இன்றைய மொழியியல் 'ஒட்டு' என்று சொல்லும் உருப்படிக்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு சோதனை, நடுவில் எதையாவது செருகிப் பார்ப்பது. 'வந்தேன்' இடம்தராது: வந்த், ஏன் என்று பிரித்து நடுவில் 'தான்' போட முடியாது. 'வந்துகொண்டிருக்கிறேன்' தாராளமாக இடம்தருகிறது: வந்துகொண்டேயிருக்கிறேன், வந்துகொண்டுதானிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் அது ஒரே சொல் இல்லை. ஆனால் பேச்சில் அது 'வந்துட்டிருக்கேன்' என்று ஒரே மூச்சில் உருகிவிடுகிறது. காதைக் கேட்டால் ஒரு சொல்தான். இலக்கணச் சொல் வேறு, ஒலிச்சொல் வேறு என்று மொழியியலாளர்கள் இரண்டு கணக்கு வைத்திருப்பது இதனால்தான்.

நண்பரிடமிருந்து அடுத்த செய்தி: "வந்துக்கிட்டே இருக்கேன்." அந்த 'ஏ' நுழைந்துவிட்டது என்றால் ஆள் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை.