எலைட் நடுவர்: ‘உயரடுக்கு’ அல்ல, ‘தேர்ந்த’

தமிழ்நாட்டில் எலைட் என்ற சொல்லைப் பலருக்குப் பழக்கப்படுத்தியது டாஸ்மாக்தான். விலை கூடிய சரக்கு, குளிரூட்டிய கடை, பெயர்ப் பலகையில் எலைட். அதனாலோ என்னவோ கால்பந்துச் செய்தியில் ‘யூஃபா எலைட் நடுவர்’ (யூஃபா என்றால் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) என்று படித்தால் ஏதோ பெரிய இடத்துப் பிள்ளை வந்து விசில் ஊதுவது போல ஒரு எண்ணம் வருகிறது. போதாக்குறைக்கு இயந்திர மொழிபெயர்ப்பு அதை ‘உயரடுக்கு நடுவர்’ ஆக்கிவிடுகிறது, அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உயரடுக்கு என்றால் சமுதாயத்தின் மேல்தட்டு, அரசியல் கட்டுரையில் அதற்கு வேலை உண்டு. கால்பந்து நடுவருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

எலைட் பிரெஞ்சுச் சொல். ‘எலீர்’ என்றால் தேர்ந்தெடு. அதிலிருந்து வந்த பழைய எச்ச வடிவம்தான் ‘எலீட்’, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட. அதற்கும் பின்னால் போனால் லத்தீன் ‘எலிகெரே’, பலவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுப்பது. எலெக்‌ஷன் என்கிறோமே, அதுவும் இதே வயிற்றில் பிறந்ததுதான். பிரெஞ்சுப் படையில் பொறுக்கி எடுத்த வீரர்களைக் குறிக்க இந்தச் சொல் புழங்கியது, ஆங்கிலம் அதை வாங்கிக்கொண்டது. பணக்காரர், செல்வாக்குள்ளவர், மேட்டுக்குடி என்ற பொருளெல்லாம் பிறகு ஏறியவை. விளையாட்டில் மட்டும் பழைய பொருள் கலையாமல் இருக்கிறது. கிரிக்கெட்டில் ஐசிசி 2002இல் அம்பயர்களுக்கு எலைட் பேனல் அமைத்தபோது அதில் நம் சென்னைக்காரர் வெங்கட்ராகவனும் இருந்தார். அவரை யாரும் உயரடுக்கு அம்பயர் என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை, நல்லவேளை.

சரி, கால்பந்துக்கு வருவோம். ஐரோப்பாவில் யூஃபாவுக்குக் கீழே 55 சங்கங்கள். ஒவ்வொன்றும் தன் நாட்டின் சிறந்த நடுவர்களின் பெயரை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு அனுப்பும், ஃபிஃபா ஆண்டுதோறும் சர்வதேசப் பட்டியல் வெளியிடும், அந்தப் பட்டியலில் வந்தவர்தான் சட்டையில் ஃபிஃபா வில்லை குத்திக்கொள்ளலாம். இது முதல் பொறுக்கல். அதற்குப் பிறகு யூஃபா தன் ஆட்களை வகை பிரிக்கிறது: கீழே இரண்டாம் வகை, அதற்கு மேல் முதல் வகை, அதற்கும் மேல் எலைட். ஆக இது ஒரு வகைப்பாடு. டென்னிஸில் இருப்பதுபோல 1, 2, 3 என்று எண் போட்டு வெளியிடும் தரவரிசை அல்ல. ‘ஐரோப்பாவின் நம்பர் 1 நடுவர்’ என்று யாராவது எழுதினால் அது ரசிகர் வாக்கெடுப்பாகவோ ஐ.எஃப்.எஃப்.எச்.எஸ். மாதிரி வெளி அமைப்பு தரும் விருதாகவோ இருக்கும். யூஃபா அப்படி ஒரு எண்ணை வெளியில் சொல்வதில்லை.

உள்ளே மதிப்பெண் உண்டு, அது கறாரானது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யூஃபா ஒரு முன்னாள் நடுவரை மைதானத்துக்கு அனுப்புகிறது, அவர் உட்கார்ந்து பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவார். (இவரைத் தமிழில் பார்வையாளர் என்று எழுதாதீர்கள், அது கேலரியில் இருக்கும் எழுபதாயிரம் பேரையும் குறிக்கும். மதிப்பீட்டாளர் என்றால் குழப்பமில்லை.) பல ஆண்டுகள் புழங்கிய அளவுகோலில் 8.3, 8.4 என்பதுதான் எதிர்பார்த்த தரம். கடினமான ஆட்டத்தை நன்றாகக் கையாண்டால் 8.5க்கு மேல் போகும். தெளிவான, முக்கியமான தவறு ஒன்று நடந்துவிட்டால், மீதி 89 நிமிடமும் பிரமாதமாக ஊதியிருந்தாலும், 7.9. பக்கத்திலேயே அந்தத் தவறு இல்லாமலிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்றும் குறிப்பார்கள், 7.9க்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் 8.4 என்கிற மாதிரி. அரைப் புள்ளி வித்தியாசம்தான், ஆனால் எல்லாரும் எட்டுக்கும் எட்டரைக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அரைப் புள்ளி என்பது ஒரு மலை. கூடவே குளிர்காலத்திலும் கோடையிலும் பயிற்சி முகாம், ஓட்டத் தேர்வு, காணொளி அலசல். இவற்றையெல்லாம் வைத்து யூஃபாவின் நடுவர் குழு யாரை மேலே ஏற்றுவது, யாரை இறக்குவது என்று முடிவு செய்யும். எலைட் என்பது ஆயுள் பட்டம் அல்ல.

இறுதிப் போட்டிக்கு ஆள் எடுப்பது இதைவிடச் சுவையானது. அதிக மதிப்பெண் எடுத்தவருக்குத் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்தால் தவறு. முதல் தடை சொந்த நாடு. இரண்டு அணிகளில் ஒன்று உங்கள் நாட்டு அணி என்றால் நீங்கள் வெளியே. 2018, 2019, 2021, 2022, 2023 என்று ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு ஏதாவது ஒரு இங்கிலாந்து அணி வந்துகொண்டே இருந்தது, 2019லும் 2021லும் இரண்டு பக்கமும் இங்கிலாந்து அணிகள்தான். இங்கிலாந்து நடுவர்கள் மைக்கேல் ஆலிவரோ ஆந்தனி டெய்லரோ அந்த ஆண்டுகளில் எவ்வளவு நன்றாக ஊதியும் என்ன பயன்? தங்கள் நாட்டு அணிகள் தோற்றால்தான் நடுவருக்கு வாழ்வு. 2016இல் மாட்ரிட் அணிகள் இரண்டும் இறுதியில் மோதின, இங்கிலாந்தின் மார்க் கிளாட்டன்பர்க்குக்கு வழி திறந்தது. அதே கோடையில் நாட்டு அணிகள் மோதும் யூரோ கோப்பையில் ஐஸ்லாந்திடம் இங்கிலாந்து தோற்று வீட்டுக்குப் போனது, யூரோ இறுதியும் அவருக்கே வந்தது. மே மாதம் இங்கிலாந்தின் உள்நாட்டு எஃப்.ஏ. கோப்பை இறுதி, அடுத்த வாரம் சாம்பியன்ஸ் லீக் இறுதி, ஜூலை 10 யூரோ இறுதி. ஏழு வாரத்தில் மூன்று. 2024 யூரோவிலும் இதே கதை: அரையிறுதியில் பிரான்ஸ் ஸ்பெயினிடம் தோற்ற பிறகுதான் 35 வயது பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா லெடெக்ஸியே இறுதிக்குத் தகுதியானார்.

இரண்டாவது, எழுதாத ஒரு வழக்கம். பழைய ஐரோப்பியக் கோப்பைக் காலத்தில் கோட்ஃப்ரீட் டீன்ஸ்ட் 1961லும் 1965லும், கொன்செட்டோ லோ பெல்லோ 1968லும் 1970லும் என்று ஒருவரே இரண்டு முறை இறுதியில் ஊதியிருக்கிறார்கள். சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிய பிறகு, 1993 முதல் 2025 வரை, ஒருவருக்கும் இரண்டாவது முறை கிடைக்கவில்லை. கொலினா, மெர்க், வெப், மார்சினியாக், யாராக இருந்தாலும் ஒரு முறைதான். அதனால் அந்த ஆண்டின் ஆகச் சிறந்த நடுவர் ஏற்கெனவே ஊதி முடித்தவர் என்றால் அவர் கணக்கிலேயே வருவதில்லை. என் கருத்தில் இது நியாயம்தான். சிறந்தவரைத் தேடுகிறோம் என்று மட்டும் யூஃபா சொல்லாமல் இருந்தால் சரி.

மூன்றாவது, படி. பலர் முதலில் சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலை கிளப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியில் ஊதிவிட்டுத்தான் மேலே வருகிறார்கள். கிளெமான் டுர்ப்பான் 2021இல் யூரோப்பா லீக், 2022இல் சாம்பியன்ஸ் லீக். ஸ்லாவ்கோ வின்சிச் 2022, 2024. ருமேனியாவின் இஷ்த்வான் கோவாச் இந்த ஏணியை ஒரு படி விடாமல் ஏறியவர்: 2022இல் டிரானாவில் மூன்றாம் நிலை கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் இறுதி, 2024இல் டப்ளினில் யூரோப்பா லீக் இறுதி, 2025இல் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஆனால் இதுவும் சட்டம் இல்லை. போலந்தின் ஷிமோன் மார்சினியாக் யூரோப்பா லீக் இறுதியைத் தொடாமலே 2022 டிசம்பரில் உலகக் கோப்பை இறுதியும் (அது ஃபிஃபா கொடுத்தது) 2023 ஜூனில் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதியும் ஊதினார்.

ஆக, சங்கம் பொறுக்கியது, ஃபிஃபா பொறுக்கியது, யூஃபா வகையில் வைத்தது, கடைசியில் குழு ஒன்று உட்கார்ந்து இவர்தான் என்றது. மேலிருந்து கீழ்வரை தேர்வுதான் நடக்கிறது. இதற்கு என்ன தமிழ் சொல்லலாம்?

மேட்டுக்குடி, உயரடுக்கு இரண்டையும் கழித்துவிடுவோம். ‘முதல்தர நடுவர்’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எலைட்டுக்குக் கீழே ‘முதல் வகை’ என்றே ஒன்று இருக்கிறதே, இரண்டும் கலந்து வாசகர் தலையைச் சொறிய வேண்டியதுதான். ‘உயர்நிலை’ என்றால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. ‘சிறப்பு நடுவர்’ என்றால் சிறப்பு விருந்தினர் போல ஒரு நாள் வந்து போகிறவர்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘தேர்ந்த நடுவர்’. தேர் என்ற வேர் ஆராய்வது, பொறுக்குவது, திறமை பெறுவது மூன்றையும் தாங்கும். தேர்வு, தேர்ச்சி, தேர்தல், கைதேர்ந்தவர் எல்லாம் அதன் கிளைகள். பிரெஞ்சுக்காரனுக்கு எலைட்டும் எலெக்‌ஷனும் ஒரே வேரில் வந்ததுபோல நமக்குத் தேர்ந்தவரும் தேர்தலும். வகையின் பெயராகச் சொல்லும்போது ‘தேர்நிலை’ என்று சுருக்கலாம்: தேர்நிலை, முதல் வகை, இரண்டாம் வகை. பேச்சில் எலைட் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், அதில் குற்றமில்லை. உயரடுக்கு மட்டும் வேண்டாம்.

நடுவர் என்ற சொல்லைத் தொடவே தேவையில்லை. ரெஃப்ரீ என்றால் ‘யாரிடம் முறையீடு கொண்டுபோகப்படுகிறதோ அவர்’. அந்தக் காலத்தில் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் இருந்தார்கள், அவர்களுக்குள் ஒத்துவராதபோது வெளியில் இருந்த ரெஃப்ரீயிடம் போவார்கள். 1891இல்தான் அவர் மைதானத்துக்குள் வந்தார், அம்பயர்கள் கோட்டோரம் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். நம் சொல்லில் முறையீடு இல்லை, இடம் இருக்கிறது, நடுவில் நிற்பவர். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் வரும் மத்தியஸ்தரும் வடமொழி வழியில் அதையே சொல்கிறது. ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை: 2020 டிசம்பரில் யுவெண்டஸ், டைனமோ கீவ் ஆட்டத்தில் ஊதி, ஆண்கள் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தை நடத்திய முதல் பெண்ணான ஸ்டெஃபனி ஃப்ராப்பாரும் நடுவர்தான், கோவாச்சும் நடுவர்தான்.