கஞ்சி இறங்கும், தண்ணீர் புரைக்கேறும்

"மனே, ஒரு மிடறு தண்ணி தா."

பாரிசவாதம் வந்து இடப்பக்கம் வழங்காமல் கிடந்த பெரியப்பா இரண்டாம் நாள் கேட்டது இதை மட்டும்தான். பேச்சு குழறியது, இது ஒன்றுதான் தெளிவாக விளங்கியது. களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் செவ்விளநீர் கொண்டுவந்திருந்த தம்பி போத்தலைத் திறந்தான். தாதி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். கட்டிலின் தலைமாட்டில் 'வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம்' என்ற அட்டை தொங்கியதை நாங்கள் கவனிக்கவில்லை. "சேலைன் ஏறுதுதானே, உடம்புக்குத் தண்ணி குறையாது" என்றார். எங்களுக்குக் கோபம். உயிர் போகக் கிடப்பவருக்கே வாயில் பால் விடுகிற ஊர்க்காரர் நாங்கள். உயிரோடிருப்பவருக்கு ஒரு மிடறு தண்ணீர் இல்லையா?

தடுத்தது ஏன் என்று பிறகுதான் உறைத்தது.

தொண்டைச் சங்கில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். சங்கு விறுக்கென்று மேலேறி இறங்கும். தொண்டைக்கு அடியில் இரண்டு வழிகள். முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். சாப்பிடும் ஒவ்வொரு கவளமும் மூச்சின் வாசலைத் தாண்டித்தான் வயிற்றுக்குப் போகிறது. அதனால் விழுங்கும்போது மூச்சு சற்று நிற்கிறது. அண்ணத்தின் பின்பகுதி எழுந்து மூக்கு வழியை அடைக்கிறது. குரல்வளை மேலும் முன்னுமாக நகர்ந்து நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. குரல்நாண்கள் இறுக மூடுகின்றன, குரல்வளையின் மூடி அதன்மேல் கவிழ்கிறது. பின்னால் உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. 30க்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தவறாமல் இதைச் செய்து முடிக்க எடுப்பது ஏறக்குறைய ஒரு விநாடி.

பாரிசவாதம் இந்த வரிசையைக் குலைக்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளை அரை விநாடி பிந்தினாலும் போதும். தண்ணீர் நாக்கை விட்டதும் விழுந்தோடிவிடும். வாசல் மூடுவதற்குள் குரல்வளைக்குள் இறங்கிவிடும். கட்டியான கஞ்சி மெதுவாக உருளும், சிதறாமல் ஒன்றாக வரும், பிந்துகிற வாசலுக்கு நேரம் கொடுக்கும். நோயாளிக்கு லேசானது என்று நாம் நினைக்கிற தண்ணீர்தான் இங்கே ஆகக் கடினமான உணவு.

பாரிசவாதம் வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் இந்தச் சிக்கல் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

நமக்குப் புரைக்கேறினால் "ஆரோ நினைக்காங்க" என்று உச்சந்தலையில் தட்டுவார்கள். அந்த இருமல்தான் நுரையீரலின் காவல்காரன். சிக்கல் என்னவென்றால், பாரிசவாதத்தில் காவல்காரனும் தூங்கிவிடலாம். தண்ணீர் நுரையீரலுக்குள் போகும், ஒரு செருமல்கூட வராது. 'நல்லாக் குடிச்சார், இருமவே இல்லை' என்று நாம் சந்தோஷப்படுவோம். இரண்டு நாளில் காய்ச்சல், இளைப்பு, நியுமோனியா.

அதனால் தாதி இருமலை மட்டும் நம்புவதில்லை. நோயாளி நன்றாக விழித்திருக்கிறாரா என்று பார்த்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, சங்கு ஏறுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்வார். குரல் கொளகொளவென்று தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் குரல்நாண்மேல் தண்ணீர் நிற்கிறது. அன்றைக்கு அவ்வளவுதான். இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். பார்வையாளர் நேரத்தில் நாம் செய்துபார்க்கும் வேலையல்ல.

சரி, கட்டியாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு கட்டி? இதற்கு 0 முதல் 7 வரை ஓர் அளவுகோல் உலக அளவில் இருக்கிறது, பானங்களைச் சோதிக்க ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் போதும். தண்டைக் கழற்றி, நுனியை விரலால் அடைத்து, 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுகவிடுங்கள். தண்ணீர் முழுவதும் போய்விடும். 4 முதல் 8 மில்லிலீற்றர் வரை மிஞ்சினால் இலேசான கட்டி, 8க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஒழுகினால் நடுத்தரம். சிரிஞ்சுகளின் நீளம் கொஞ்சம் வேறுபடும் என்பதால் எந்தச் சிரிஞ்ச் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக் கஞ்சியில் ஒரு கள்ளத்தனம் உண்டு. பெரியம்மா ஊட்டிக்கொண்டே இருப்பார். பாதிக் கோப்பை முடியும்போது மீதி தண்ணீராகிவிடும். எச்சில் பட்ட கரண்டிதான் காரணம். எச்சிலில் மாச்சத்தைக் கரைக்கும் அமைலேஸ் நொதியம் இருக்கிறது, கரண்டி திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் போக அது கஞ்சியையும் கரைத்துவிடுகிறது. சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டினால் தப்பலாம்.

புட்டும் சொதியும் கூடவே கூடாது: புட்டு உதிரும், சொதி ஓடும், இரண்டு ஆபத்தும் ஒரே வாயில். மட்டக்களப்பு எருமைத்தயிர் நல்ல உதவி. ஆனால் சட்டியில் மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, கட்டிகள் இல்லாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். தடித்த பானம் எல்லோருக்கும் மருந்து என்றும் எண்ண வேண்டாம். சிலருக்கு அது தொண்டையில் தங்கிவிடும், சிலர் பிடிக்காமல் குடிப்பதையே குறைத்து உடல் வற்றிப்போவார்கள். பேச்சு சிகிச்சையாளர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாங்கள் செய்த இன்னொரு பிழை, 'வாயால் சாப்பிடுவதில்லையே, பல் எதற்குத் துலக்குவது' என்று விட்டது. சாப்பிடாத வாய்தான் சீக்கிரம் அழுக்காகும், அந்த எச்சிலும் கிருமியோடு நுரையீரலுக்குள் வடியும். 2002இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், 11 முதியோர் இல்லங்களில் வாயைச் சுத்தம் செய்து பராமரிக்கப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டுகளில் நியுமோனியா வந்தது. ஒரு பல்தூரிகை செய்கிற வேலை இது.

ஒன்பதாம் நாள் பெரியப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, அடித்த தயிரை ஒரு தேக்கரண்டி கொடுத்தார்கள். சங்கு ஏறி இறங்கியது. தாதி "ஆ" என்று சொல்லச் சொன்னார். பெரியப்பா அதைச் சொல்லவில்லை.

"சீனி போடல்லையா?" என்றார். குரலில் கொளகொளப்பு இல்லை.